சந்திரம்மாவுக்கு ஆகாத லினக்ஸ்

'டிசம்பர் 16, செவ்வாய். நேற்று எழுதியதில் ஒரு சின்னத் தப்பு. சந்தானம் அங்கிளின் கம்ப்யூட்டருக்கு நான் போட்ட உபுண்டு லினக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதிவிட்டேன். கம்ப்யூட்டருக்கு ஒத்துக்கொண்டது. சந்திரம்மா ஆன்ட்டிக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.'

டைரியை மூடிவிட்டு சிந்தியா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“வந்துட்டியா? இதுவும் ஆகாதும்மா” என்றாள் சந்திரம்மா, கதவைத் திறக்கும்போதே. “நேத்து போட்டியே, அதையும் எடுத்துடு.”

சிந்தியாவுக்குப் பகலில் ஜெராக்ஸ் கடை, மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு என்று ஸ்ரீராம்புரத்துக்குள்ளேயே ஒரு வருடம் ஓடிவிட்டது. கடைசியாக ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி. யாராவது ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை ஓடவைக்கும் சிஸ்டமாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போட்டுத்தர வேண்டும். வெள்ளிக்கிழமை, வகுப்பு எடுக்கும் மதலைமுத்து சார் அந்த வீட்டுக்குப் போன் செய்து, இருக்கிற எல்லோரிடமும் கேட்பார். ஒருவர் இழுத்தாலும் ஃபெயில். பாஸானால் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை.

“நீ கம்ப்யூட்டரத் தொட்டதே இல்லியேடி. உனக்கு எது போட்டா என்ன?” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் சந்தானம்.

தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருந்து ரிட்டயரானவர். கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார். அந்த மேஜைப் பக்கம் தண்ணீர் டம்ளரோடு யாரும் போகக் கூடாது. அணைத்து அணைத்துப் போட்டால் ஆயுள் குறையும் என்று இரவும் பகலும் அதை ஓடவிட்டிருப்பார்.

“தொடலன்னா? நானும் இந்த வீட்லதானே இருக்கேன்” என்றாள் சந்திரம்மா.

“எனக்கு ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கும்மா சிந்தியா. பழைய சிஸ்டம் லாரி மாதிரி உறுமும். இப்ப இருக்கற இடம் தெரியல. நியூஸ் டக்குனு வருது.”

“லாரியா இருந்தாலும் அது நம்ம லாரி.”

சிந்தியா நடுவில் புகுந்தாள். “ஆன்ட்டி, என்ன குறைன்னு சொல்லுங்க. எழுத்து சின்னதா இருக்கா? கலர் பிடிக்கலையா?”

சந்திரம்மா ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். “கலருக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. ராத்திரி ஒண்ணும் தெரியாது. காலைல பாத்தாதான் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஆகலன்னு தெரியும்.”

“சும்னே ஏதோ பேசறா. நீ கண்டுக்காத” என்றார் சந்தானம்.

சிந்தியாவால் அப்படி விட முடியவில்லை. எங்கே தப்பு நடந்தாலும் அது தன்னுடையதாகத்தான் இருக்கும் என்பது அவள் முடிவு. வகுப்பில் சொன்னதை வரிசையாக யோசித்தாள். பழைய கம்ப்யூட்டருக்கு லேசான சிஸ்டம்தான் நல்லது. உபுண்டு ஆன்ட்டிக்குப் பிடிக்கவில்லை. அதைவிட லேசாக, நேற்று போட்ட லுபுண்டு அதைவிடப் பிடிக்கவில்லை. அப்படியென்றால், தான் இன்னும் போதுமான அளவு லேசாகப் போகவில்லை.

“இதைவிட லேசா ஒண்ணு இருக்கு அங்கிள். பேரு பப்பி.”

“நாய்க்குட்டியா?”

“பேருதான் அங்கிள். கடிக்காது.”

“இன்னும் லேசாவா?” என்றாள் சந்திரம்மா. “அம்மாடி, கனமா எதுவும் கிடைக்கலியா உனக்கு?”

எவர்சில்வர் பாத்திரத்தைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்குகிற ஆன்ட்டி. லேசான எதன்மீதும் அவளுக்கு நம்பிக்கை வராது போலிருக்கிறது என்று நினைத்தபடி சிந்தியா பப்பியைப் போட்டு முடித்தாள். போகும்போது சந்திரம்மா ஒரு தட்டை நீட்டினாள்.

“உப்புமாதான். கோச்சுக்காத.”

“ரெண்டு நாளா இந்த வீட்ல உப்புமா” என்றார் சந்தானம். “அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருந்தா போடும்மா.”

மறுநாள் காலை, குளிர் எலும்பைத் துளைத்தது. சந்தானம் பால் வாங்கப் போயிருந்தார். சந்திரம்மா வாசலிலேயே காத்திருந்தாள்.

“ஆன்ட்டி, பப்பி எப்படி?”

“ரொம்ப மோசம். பெட்டியத் தொட்டுப் பாரு.”

சிந்தியா தொட்டாள். ஜில்லென்றிருந்தது. “நல்லதுதானே ஆன்ட்டி? சூடே ஆகல.”

“நல்லதா? குனி. அங்கிள் வர்றதுக்குள்ள பாத்துடு.”

சிந்தியா மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனாள். பெட்டிக்குப் பின்னால், ஃபேன் காற்று வெளியே வருகிற இடத்தில், பழைய சேலையில் சுற்றி ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. சந்திரம்மா கையை நீட்டி மூடியைத் திறந்தாள். உள்ளே, ராத்திரி ஊற்றிய மட்டத்திலிருந்து ஒரு நூல்கூட மேலே வராமல், இட்லி மாவு கிடந்தது.

“இந்தக் குளிர்ல வேற எங்கடி பொங்கும்?” என்று கிசுகிசுத்தாள் சந்திரம்மா. “எட்டு வருஷமா இதுதான் பொங்க வெச்சுது. அவருக்குத் தெரிஞ்சா என்னையும் தூக்கோட வெளிய போட்டுடுவாரு.”

அன்று கடைக்குப் போவதற்கு முன் சிந்தியா டைரியைத் திறந்தாள்.

'டிசம்பர் 17, புதன். பரிசோதனையைத் தலைகீழாகச் செய்திருக்கிறேன்; சிஸ்டம் லேசாக லேசாகப் பெட்டியின் சூடும் குறைந்துவிட்டது. இட்லி வந்து உப்புமா நின்றால் அங்கிளும் உறுமலைப் பொறுத்துக்கொள்வார். இன்றைய வேலை: இருப்பதிலேயே கனமான லினக்ஸைத் தேடி, எல்லா அலங்காரங்களோடும் போட வேண்டும், தூக்கு நிரம்பி வழிகிறதா என்று நாளைக் காலையில் போய்ப் பார்க்க வேண்டும்.'