பீப்பாய்க்குத் தசைப் பரிசோதனை

இதைச் சரியாகச் சொல்வேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது. டாக்டரம்மா சொன்னதில் பாதிதான் புரிந்தது. மீதியை நானாகச் சேர்த்துவிட்டால் மன்னிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிச் சலவை அறையில் நாங்கள் இரண்டு பேர். நான் குச்சி. அவள் பீப்பாய். ஈரப் போர்வைகளை மூட்டை மூட்டையாகத் தூக்கி டிரையரில் போடுவதுதான் வேலை.

எங்களில் ஒருவரை நிறுத்தப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அதற்கேற்ப, இந்த மாதம் வந்த புது மேனேஜர் உடல் பரிசோதனை என்றார்.

"உன்னை நினைச்சாத்தான் கவலையா இருக்கு. படி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்குதே," என்றேன் பீப்பாயிடம்.

"எடை பாக்கற மெஷின் உடையாம இருந்தாச் சரிக்கா," என்று சிரித்தாள்.

விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். பிறகு மெஷின்மேல் வெறுங்காலோடு ஏறிக் கைப்பிடியைப் பிடித்தால், உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று சீட்டு வரும்.

டாக்டரம்மா முதலில் பீப்பாயின் சீட்டைப் பார்த்தார்.

"எடை கொஞ்சம் குறையணும். ஆனா தசை பிரமாதம்! சர்க்கரையும் சரியா இருக்கு."

என் சீட்டைப் பார்த்ததும் நெற்றி சுருங்கியது.

"வெளியே ஒல்லி. உள்ளே பூராக் கொழுப்பு. சர்க்கரை ஏறியிருக்கு. தசை ரொம்பக் கம்மி."

"மெஷின் கெட்டுப் போயிருக்கும் டாக்டரம்மா. எனக்கு முன்னாடி ஏறினது யாருன்னு பாருங்க."

"சாப்பிடற சர்க்கரையை எரிக்கிற அடுப்பு தசைதாம்மா. அவங்ககிட்ட பெரிய அடுப்பு. உங்ககிட்ட தீக்குச்சி. எரியாத மிச்சம் வயித்துக்குள்ள கொழுப்பாப் படியுது."

பக்கத்தில் நின்ற மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தினம் நாற்பது மூட்டை தூக்கறவங்களுக்குத் தசை இல்லையா? அப்போ உங்க மூட்டையை யாரு தூக்கறா?"

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் முதுகுவலி என்றேன். அன்றிலிருந்து பீப்பாய்தான் தூக்குகிறாள். அதையா அங்கே சொல்ல முடியும்?

"அக்காவும்தான் தூக்கறாங்க சார். நான் கூடமாட ஒத்தாசை," என்றாள் பீப்பாய். "அவங்களை நிறுத்திடாதீங்க. நாளையிலிருந்து சின்ன மூட்டையாக் கட்டித் தரேன். தூக்கத் தூக்கத் தசை வந்துடும், இல்லையா டாக்டரம்மா?"

"வரும். இந்த வயசுலயும் வரும்."

"யாரையும் நிறுத்தற எண்ணமே எனக்கு இல்லம்மா," என்ற மேனேஜர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஒரு மொட்டைக் கடிதம் வந்துச்சு. 'அந்தக் குண்டம்மா வேலைக்கு லாயக்கில்லை, அனுப்பிடுங்க'ன்னு. அதனாலதான் இந்தப் பரிசோதனையே. யாரு எழுத்துன்னு ஒத்துப் பாக்கணும். ரெண்டு பேரும் இதுக்குக் கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

பீப்பாய் எழுதிவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க," என்றேன்.

தினமும் மதியம் பேப்பரை உரக்கப் படிப்பது நான்தான். எதிரே உட்கார்ந்து கேட்பது அவள்.

பீப்பாய் கடிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஆமா சார். அக்காவுக்குத் தெரியாது."

நான் கட்டைவிரலை மையில் நன்றாக அழுத்தி, கைநாட்டு வைத்தேன்.