முட்டி டாக்டர்

ஒரு மக்கள் கூட்டத்தின் தலையெழுத்தை அறிஞர்கள் ஒன்றுகூடித் தீர்மானித்த புனித நாட்கள் வரலாற்றில் மிகச் சிலவே.

ஓஹியோ மாநிலத்துப் பார்மா ஊரில் அது ஒவ்வோர் ஏப்ரலிலும் நடக்கிறது. லொரெய்னின் பாரில், பொரித்த கோழிச் சிறகோடு.

கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் முப்பத்திரண்டு அணிகளும் முறைவைத்துப் பொறுக்கி எடுக்கும் டிராஃப்ட். வியாழக்கிழமை தொடங்கியது, சனிக்கிழமை மத்தியானம் கடைசிச் சுற்றுக்கு வந்து நின்றது. பாரில் இருந்த பதினான்கு பேரில் ஒருவராலும் தன் கார் வரைகூட ஓட முடியாது. எந்தப் பையன் எவ்வளவு வேகமாக ஓடுவான் என்பது பதினான்கு பேருக்கும் நொடிக்கணக்கில் தெரியும்.

ஜீன் பாவ்லக் மூலை ஸ்டூலில் உட்கார்ந்து, சிறகைத் தொடாமல், டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாரில் அவருக்குப் பெயர் முட்டி டாக்டர். தொழில், வீடுகளில் ஹீட்டர் பழுது பார்ப்பது.

டிவியில், எந்த அணியாவது கூப்பிடுமா என்று காத்திருக்கும் ஜாரெல் விட்டனின் வீட்டுக் கூடம். இதே ஊர்ப் பையன், ஜீன் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. முதல் நாளே, முதல் பத்துப் பேருக்குள் போய்விடுவான் என்று போன வருஷம் ஊரே சொன்னது.

வியாழனன்று புதுக் கோட்டு போட்டிருந்தான். வெள்ளியன்று அந்தக் கோட்டு நாற்காலியில் தொங்கியது. இன்று கோட்டைக் காணவில்லை.

மேசையில் கேக் இருந்தது, வெட்டாமல். அவன் அம்மா அதன் மூடியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

காரணம், முட்டி.

நவம்பரில் இதே ஸ்டூலில்தான் ஜீனுக்கும் மச்சான் டுவேனுக்கும் வாக்குவாதம். ஜாரெலைத்தான் நம் அணி எடுக்க வேண்டும் என்றார் டுவேன். கூடாது என்றார் ஜீன். டுவேன் வேண்டும் என்றதைத் தவிர அவரிடம் வேறு காரணம் இல்லை. டுவேன் புள்ளிவிவரத்தை அடுக்க அடுக்க, லொரெய்னே சிரித்துவிட்டாள். அப்போதுதான் அது வாயில் வந்தது.

“அவன் முட்டி போச்சுய்யா. நொண்டிக்கிட்டுப் போறத என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

பார் அடங்கிப்போனது. தான் பேசி அப்படி ஓர் அமைதியை ஜீன் வாழ்நாளில் கேட்டதில்லை, கல்யாணத்தன்றுகூட.

மறுவாரமே டுவேன் உள்ளூர் வானொலிக்குப் போன் போட்டு அதைத் தன் கண்டுபிடிப்பாகச் சொன்னார். ஜனவரியில் டிவியில் டை கட்டிய ஒருவர், முட்டியைப் பற்றிச் சில கேள்விகள் இருக்கின்றன என்றார். மார்ச்சில் மருத்துவர்கள் படம் எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லாததற்கு எதற்குப் படம் என்று பார் கேட்டது.

அந்த வானொலிக்கு ஜீனும் இரண்டு முறை போன் செய்தார். பேரும் ஊரும் கேட்டார்கள். இரண்டு முறையும் வைத்துவிட்டார்.

இப்போது நம் அணியின் கடைசி முறை. இதற்குப் பிறகு விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களே பாக்கி. ஜீன் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டார். பையனை எடுத்துவிட்டால் இனி ஒரு ஞாயிறுகூடப் பூசை தவறுவதில்லை என்று நேர்ந்துகொண்டார்.

அணி, பந்தை உதைப்பதற்கென்று ஓர் ஆளை எடுத்தது. உதைக்க ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள்.

பார் அதிர்ந்தது.

“தப்பிச்சோம்டா சாமி!” டுவேன் ஜீனின் முதுகில் ஓங்கி அறைந்தார். “மச்சான் மட்டும் சொல்லலேன்னா அந்த நொண்டிய நம்ம தலையில கட்டியிருப்பானுங்க. லொரெய்ன், டாக்டருக்கு ஒரு பீர் ஊத்து!”

டிவியில் ஜாரெல் சோபாவை விட்டு எழுந்தான். அம்மாவின் தோளைத் தொட்டான். சமையலறைப் பக்கம் நடந்தான். காலடி எண்ணினால் ஆறு இருக்கும். நேராக, சாதாரணமாக, எல்லோரும் நடப்பதுபோல நடந்தான்.

“பாத்தியா, பாத்தியா! நொண்டுறான்!” என்றார் டுவேன்.

ஜீனைத் தவிர பதின்மூன்று பேரும் பார்த்தார்கள். ஏழு பேர் வலது கால் என்றார்கள். ஆறு பேர் இடது என்றார்கள். ஒருவர் மேசையைக் குத்தினார்.

“எதுக்குய்யா இப்படிக் கத்துறீங்க?” லொரெய்ன் பீரை ஜீன் முன்னால் வைத்தாள். “டாக்டரே இங்க இருக்காருல்ல. நீங்க சொல்லுங்க டாக்டர், எந்தக் கால்?”

எல்லோரும் திரும்பினார்கள். நவம்பரில் விழுந்த அதே அமைதி.

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். ஜீன் வாயைத் திறந்தார். டுவேன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் மரியாதையோடு.

“இடது,” என்றார் ஜீன்.

ஆறு பேர் கைதட்டினார்கள். தோற்ற ஏழு பேர் அவர்களுக்குப் பீர் வாங்கக் கிளம்பினார்கள்.

அது பொய்யும் இல்லை. போன ஜூலையில், மளிகைக் கடை வாசலில், கொதிக்கிற தார்த் தரையில் ஜாரெல் இடது காலைத் தூக்கித் தூக்கித்தான் வைத்தான். ஜீனைக் கண்டதும், “காலு பொசுங்குது சார்!” என்று கையில் இருந்ததை ஆட்டிக் காட்டிச் சிரித்தான்.

கையில் இருந்தது, வார் அறுந்த இடது செருப்பு.