மியூட் பண்ணியது யார்?

“இன்னைக்கும் என்னைய மியூட் பண்ணிட்டாங்க.”

பிரகதீஸ்வரி போனைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டாள்.

ஒரு வழியாகக் கிடைத்துவிட்ட பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே அறைக்குள் வந்தார் அவள் கணவர் ஆத்மநாதன். மணமேல்குடியில் விசைப்படகுகளுக்கு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக். ஓடுகிற இன்ஜினுக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல்.

“யாரு? அந்தத் தத்துவ குரூப்பா?”

“ஆமாங்க.”

‘ஐயம்’ என்று அதற்குப் பெயர். ஞாயிறு மாலைகளில் ஆன்லைனில் கூடித் தத்துவம் பேசுவார்கள். பேராசிரியர்கள், டாக்டர்கள், அமெரிக்காவிலிருந்துகூட ஒருவர். பிரகதீஸ்வரி அங்கன்வாடி டீச்சர். போன மாதம்தான் சேர்ந்திருந்தாள். ஆரம்பத்தில் காதை மட்டும் கொடுத்தாள். போன வாரம் தைரியம் வந்து வாயைத் திறந்தாள். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மைக் அணைந்துவிட்டது. கைதவறிப் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்றைய தலைப்பைக் கேட்டதும் அவளுக்குச் சிலிர்த்துவிட்டது. ‘கனவில் செய்த தவறுக்கு நாம் பொறுப்பா?’

அவளிடம் அதற்கு ஒரு கதையே இருந்தது. அங்கன்வாடியில் ஒரு குட்டிப் பையன், “அஜித் என் கனவுல வந்து அடிச்சிட்டான்” என்று அழுதான். இனி அவனோடு பேசவே மாட்டானாம். அஜித் கொஞ்ச நேரம் முழித்தான். அப்புறம், “தெரியாம அடிச்சிட்டேன்டா. இனிமே ஒன் கனவுக்கு வரல” என்றான். இரண்டும் ஒரே தட்டில் சுண்டல் தின்றன.

தான் செய்யாத தவறுக்கு அந்தப் பிள்ளை ஏன் மன்னிப்புக் கேட்டது? அதைத்தான் கேட்க நினைத்தாள்.

“எங்க அங்கன்வாடில ஒரு பையன்...” என்று ஆரம்பித்ததும் மைக் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. மறுபடி திறந்தாள். மறுபடியும் விழுந்தது. ஒருங்கிணைப்பாளர் அரவிந்த்குமார், “மேடம் அப்புறம் பேசுவாங்க. அடுத்து டாக்டர் பழனிச்சாமி” என்று தாண்டிப் போய்விட்டார்.

டாக்டரை யாரும் நிறுத்தவில்லை.

“டாக்டர் பேசுனா மைக் அணையுறதில்ல. அங்கன்வாடின்னு சொன்னதும் அணையுது. நான் வெளிய வந்துடுறேங்க. நமக்கெல்லாம் சரிப்படாது.”

ஆத்மநாதனுக்குச் சுருக்கென்றது. “ஏன் வெளிய வரணும்? சமத்துவம், சுதந்திரம்னு வாய் கிழியப் பேசுறாய்ங்கல்ல? ஒரு பொம்பள வாயத் தொறந்தா மட்டும் பொறுக்காதா? நம்பரக் குடு.”

“வேணாங்க, விடுங்க. பால் வாங்கிட்டு வாரேன்.”

அவள் தெருமுனை திரும்பியதும் ஆத்மநாதன் கட்டிலில் கிடந்த போனை எடுத்தார். குரூப்பில் நம்பரைத் தேடி அழைத்தார்.

“வணக்கம், சொல்லுங்க மேடம்.”

“மேடம் இல்ல. அவ வீட்டுக்காரன். எம்பொண்டாட்டி பேச்ச நிறுத்த நீங்க யாரு சார்?”

அரவிந்த்குமார் தயங்கினார். “மன்னிச்சுக்குங்க சார். என் தப்புதான்.”

“தப்புன்னா ஆச்சா? காரணத்தச் சொல்லுங்க.”

“அது... வேண்டாமே சார்.”

“சொல்லாம விடமாட்டேன். அங்கன்வாடின்னா ஒங்களுக்கு எளக்காரமா?”

“ஐயோ, அப்படி இல்லைங்க. மேடம் பக்கத்துல இருக்காங்களா?”

“இல்ல. கடைக்குப் போயிருக்கா.”

“அப்ப சொல்றேன். போன வாரமும் சரி, இன்னைக்கும் சரி, அவங்க பேச ஆரம்பிச்சப்ப பின்னால ஒருத்தர் கத்திட்டே இருந்தாரு. இன்னைக்கு ஏதோ சாவியக் காணோம்னு. அதோட விட்டிருந்தாப் பரவாயில்ல. கூறுகெட்டவ, எதுக்கும் லாயக்கில்லாதவன்னு... அதுக்கு மேல நான் சொல்லல சார். அத்தனை பேரும் கேட்டுட்டு இருக்காங்க. வேற வழி தோணல. அமுக்கிட்டேன்.”

ஆத்மநாதன் விரலில் தொங்கிய பைக் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

“மேடம் அந்தச் சத்தத்தக் கவனிச்ச மாதிரியே தெரியல. பழகிப்போச்சு போல. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. எல்லாரும் கேட்டுட்டாங்கன்னு தெரிஞ்சா கூனிக் குறுகிப் போயிடுவாங்க, அப்புறம் வரவே மாட்டாங்க. நெட் கோளாறுன்னே சொல்லிடுங்க சார். அடுத்த வாரம் அவங்கதான் மொதல்ல பேசணும். அந்தப் பையன் கதை பாதியில நிக்குது. என்ன ஆச்சுன்னு எல்லாரும் கேக்கறாங்க.”

“என்ன பையன்?” என்றார் ஆத்மநாதன்.

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. எங்கேயோ இருக்கிற அத்தனை பேருக்கும் ஆரம்பமாவது தெரிந்திருக்கிறது. தனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பால் பாக்கெட்டோடு வந்த பிரகதீஸ்வரி, அவர் கையில் தன் போனைப் பார்த்துப் பதறினாள்.

“கூப்புட்டுட்டீங்களா? சண்ட போட்டீங்களா? என்னதான் சொன்னாரு?”

நெட் கோளாறு என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆத்மநாதன் அதை விழுங்கினார்.

“உக்காரு பிரகதி. அடுத்த வாரம் நீதான் மொதல்ல பேசுற. அதுக்கு முன்னாடி அந்தப் பையன் கதைய எனக்குச் சொல்லு.”

“நான் எங்கங்க பேசுறது? திரும்பவும் மியூட் பண்ணிருவாங்க.”

“பண்ண மாட்டாங்க.” அவள் கிட்டே வந்து கேட்க வேண்டியிருந்தது, குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது. “ஒன்னைய இத்தன நாளா பேசவிடாம அமுக்குனது அவரு இல்ல. நாந்தான்.”