பெரிய ற

திரையில் அவள் பெயர் இல்லை.

அது இருக்க வேண்டிய முகவரிப் பட்டியில் எக்ஸ், என், இரண்டு கோடு. பிறகு ஒட்டும் உறவும் இல்லாத ஆங்கில எழுத்துகள், வால்போல் நீண்டு.

"என் போன்ல தமிழ்லயே காட்டுதுக்கா. சில பிரவுசர்லதான் இப்படி மாத்திருது," என்றான் இணையதளம் செய்துகொடுத்த சையது. "உள்ள போனா அதே சைட்டுதான்."

உள்ளே அதே தளம்தான். அவள் எடுத்த படங்கள். பிறந்த குழந்தைகள், கொட்டாவி, மூடிய விரல்கள். மதுரையில் குழந்தைகளைப் படமெடுப்பவள் என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு.

அந்தப் பெயர்தான் வெளியே உடைந்து கிடந்தது.

காலையில் தேனியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, படமெடுக்க வரச்சொல்லியிருந்ததை வேண்டாம் என்றுவிட்டாள். லிங்க்கைப் பார்த்தால் திருட்டு சைட் மாதிரி இருக்கிறதாம். வீட்டுக்காரர் தொடவே விடவில்லையாம்.

சையது தயங்கினான்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. உங்க பழைய பேர்ல ஒரு இங்கிலீஷ் முகவரி இருக்குல்ல? அதைத் தட்டுனாலும் இங்கயே வர்ற மாதிரி வெச்சிரவா? ஒரு பிரச்சனையும் இருக்காது."

பழைய பெயர். அந்தப் பெயருள்ள மகனாகத்தான் அவள் பாளையங்கோட்டையில் வளர்ந்தாள். மகளாக அந்த வீட்டிலிருந்து வெளியேறினாள். நிறைமதி என்று அரசிதழில் அச்சேறிய நாளில், பேருந்து நிலையத்தில் தனியாக நின்று ஜிகர்தண்டா குடித்தாள்.

"அதை மூடிரு," என்றாள்.

"அக்கா, ஆர்டர் குறையும்."

"குறையட்டும். என்கிட்ட வர்றவங்க என் பேரச் சொல்லிட்டு வரட்டும்."

அவன் மூடினான்.

ஆர்டர் குறைந்தது. இரண்டு மாதம் லென்ஸை வாடகைக்கு விட்டுச் சமாளித்தாள். விசிட்டிங் கார்டில் முகவரியை இன்னும் பெரிதாக அச்சடித்தாள். நிறைமதி.இந்தியா. கீழே சிறிய எழுத்தில்: 'எழுத்து மாறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே நான்தான் இருப்பேன்.'

பிறகு தங்கை செண்பகத்துக்கு ஓசூரில் குழந்தை பிறந்தது.

செண்பகம்தான் அழைத்தாள். வேறு யாரையும் படமெடுக்க விடமாட்டேன் என்று புகுந்த வீட்டில் சொல்லிவிட்டாளாம். அவள் போனபோது அம்மாவும் அங்கே இருந்தார். முதலில் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, கேட்காமலே இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.

அப்பா வரவில்லை. கால் எலும்பு முறிந்து, கட்டுப்போட்டு, பாளையங்கோட்டை வீட்டில் தனியாகக் கட்டிலில். வர முடிந்திருந்தாலும் அவள் இருக்கும் இடத்துக்கு வந்திருப்பாரா என்பது வேறு விஷயம். சொந்தபந்தத்தில் யார் விசாரித்தாலும் அவருக்கு ஒரே பிள்ளை, செண்பகம்.

வீடியோ காலில் அவருக்குப் பேத்தியின் நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

"படமா அனுப்பு பாப்பா," என்றாராம் செண்பகத்திடம்.

"படமெல்லாம் அக்கா சைட்ல இருக்குப்பா. அங்க போய்ப் பாருங்க."

முகவரியை அனுப்பினாள். அவருடைய பழைய போனில் அது லிங்க்காக நீல நிறத்துக்கு மாறவில்லை. தொட்டார். ஒன்றும் திறக்கவில்லை. கையால்தான் அடிக்க வேண்டும்.

அதெல்லாம் செண்பகம் பின்னால் சொன்னது.

மதுரையில், ஒரு மதியம், அவளுடைய போன் அடித்தது. அந்த எண்ணை அவள் அழித்திருந்தாள். ஆனால் மறந்திருக்கவில்லை.

"அந்த… படம்," என்றார் அப்பா.

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"இல்லாத பக்கம்னு வருது."

"என்ன அடிச்சீங்க?"

அவர் இருமினார். பிறகு:

"இதுல சின்ன ரவா, பெரிய றவா?"

"பெரிய ற."

விரல் தேடுவது கேட்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது.

"இங்கிலீஷ்ல அடிச்சா வராதா?"

"வராதுப்பா."

"பழைய பேர்ல?"

"அதுல ஒண்ணும் இல்லப்பா. மூடியாச்சு."

"நீயே நாலு படத்த போன்ல அனுப்பினா என்ன?"

அனுப்பலாம். படங்கள் கைக்கெட்டும் தூரத்தில், எதிரே திரையிலேயே இருந்தன. கால் முறிந்த மனிதர். அறுபத்தெட்டு வயது. பேத்தியைப் பார்க்கத்தானே கேட்கிறார்.

"அங்கதான் இருக்குப்பா," என்றாள். "வந்து பாருங்க."

மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தாள்.

"சரியான்னு பாரு," என்றார். ஒவ்வொன்றாக வாசித்தார், கண்ணாடியை ஏற்றி இறக்கி மின் கட்டண ரசீதை வாசிப்பதுபோல.

"நி."

"ம்."

"றை."

"ம்."

"ம. தி."

நான்கும் சரியாக இருந்தன.

"சரிதானா?"

"சேர்த்துச் சொல்லுங்கப்பா."

அந்தப் பக்கம் மின்விசிறியின் கறகற சத்தம் மட்டும்.

அவள் காத்திருந்தாள்.

அவரும் போனை வைக்கவில்லை.