விருது வாங்கிய கருவி

டாக்டர் மேஜைமேல் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தார். இரண்டுமே மூட்டுக்குள் நுழைந்து, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே மின்முனையால் கெட்ட சதையைச் சுட்டு எடுக்கும் மெல்லிய குழாய்கள். ஒன்று எதிரே உட்கார்ந்திருந்த இன்ஜினீயர் வடிவமைத்தது. மற்றது, அவருக்கு ஆறு வருடம் பின்னால் அதே கம்பெனியில் சேர்ந்த பெண் வடிவமைத்தது.

"அந்தப் பொண்ணோடது எப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

இன்ஜினீயர் அந்தக் கருவியைத் தள்ளி வைத்தார்.

"என்னத்தப் பெரிசா பண்ணிட்டா? தண்ணி வர்ற துளையை முனையைச் சுத்தி வச்சிருக்கா. அதுக்குப் போய் விருதாம், பேப்பர்ல போட்டோவாம்."

"அப்போ உங்களோடதுதான் ஒசத்தி?"

"பதினஞ்சு வருஷ அனுபவம் டாக்டர்."

"சரி. நாளைக்கு உங்க முழங்கால் ஆபரேஷனுக்கு உங்க கருவியையே எடுத்துக்கறேன்" என்று டாக்டர் சீட்டில் எழுதப் போனார்.

இன்ஜினீயர் சட்டென்று அவர் கையைப் பிடித்தார்.

"அவளோடதையே எடுங்க டாக்டர்."

"ஏன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு மாசமா அதுல குறை தேடிட்டிருக்கேன். சூடேத்திப் பார்த்தேன், துளையை அடைச்சுப் பார்த்தேன். ஒண்ணுகூடக் கிடைக்கல."