நாற்காலியின் இடம்

காலை வெயிலில் ஈரத் தரை இன்னும் காயவில்லை. தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கூடத்தைப் பார்க்கிறார். கண் போன கிழநாய் தன் சாக்கிலிருந்து எழுந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கு வருகிறது. நாலடி வைத்ததும் மூக்கு நாற்காலிக் காலில் டொக்கென்று இடிக்கிறது. கத்தவில்லை, தப்பு தன்னுடையதுதான் என்பதுபோல் பின்வாங்கி, சாக்கிலேயே படுத்துக்கொள்கிறது. "நாற்காலிக் காலைச் சுத்திச் சாக்பீஸால கோடு போட்டிருந்தேனே, எங்கேம்மா?" என்கிறார். "தரையெல்லாம் ஒரே கிறுக்கலா இருக்கேன்னு துடைச்சுட்டேன். நாற்காலிய எடுத்த இடத்துலதானே வச்சேன்!" என்கிறாள் மனைவி. "ஒரு சாண் தள்ளி வச்சிருக்க. அதுக்கு அந்த ஒரு சாண்தான் கண்ணு." அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுக்கிறார். "அதை வச்சு என்னத்த அளக்கப் போறீங்க? சும்மா இருங்க," என்று நாற்காலியைச் சுவரோரம் இழுத்துவிட்டு, கிண்ணத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, விளிம்பை நகத்தால் தட்டுகிறாள். "வாடி தங்கம், ஒண்ணுமில்ல, வா." வெகுநேரம் கழித்து நாய் எழுகிறது. தலையைத் தாழ்த்தி, ஒவ்வொரு காலாக வைத்து வருகிறது. நடுக்கூடத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், சற்றே ஒதுங்கி, இல்லாத ஒரு நாற்காலியைச் சுற்றி வளைந்து வந்து தண்ணீர் குடிக்கிறது. சளப் சளப்பென்ற சத்தம் மட்டும் கூடத்தில் கேட்கிறது. மனைவி எழுந்துபோய், நாய் ஒதுங்கிய இடத்தில் நாற்காலியை வைக்கிறாள். திரும்பிப் பார்க்காமல் கணவரிடம் கையை நீட்டுகிறாள். "அந்தச் சாக்பீஸைக் கொடுங்க."