தண்டனை நடை

லாரியை ஏற்றி என் இரண்டு கால்களையும் பறித்த தனசீலனை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பவில்லை. இரண்டு வருடம், தினமும் மாலையில் ஒரு மணி நேரம், அவன் எனக்காக நடக்க வேண்டும். அவன் கணுக்காலில் ஒரு பட்டை, என் தொடையில் ஒரு பட்டை. அவன் வைக்கும் ஒவ்வொரு அடியும் பட்டை வழியாக எனக்குத் தெரியும்; நானே நடப்பதுபோல் இருக்கும்.

ஆறாவது மாதமே, அந்தத் தண்டனையை ரத்து செய்யச் சொல்லி நான் மனுப் போட்டேன்.

நீதிபதியம்மாவுக்கு ஆச்சரியம். "மன்னிச்சிட்டீங்களா, சென்னியப்பன்?"

"இல்லைங்க."

"ஒழுங்கா வர்றதில்லையா?"

"ஒரு நாள் தவறலைங்க. என் வீட்டுக்காரிகூட உழவர் சந்தைக்குப் போயிட்டு வர்றான்."

"அப்புறம் என்ன குறை?"

சொல்லக் கூசியது. ஆனாலும் சொன்னேன். "மெதுவா நடக்கறானுங்க. எனக்காகன்னா என்னை மாதிரித்தானே நடக்கோணும்? நான் எப்பவும் பத்தடி முன்னால போவேன். இவன் அவ பக்கத்துலயே போறான். அவ நின்னா நிக்கறான். அத்தனையும் எனக்கு இங்க தெரியுதுங்க." தொடையைத் தட்டிக் காட்டினேன்.

நீதிபதி என் மனைவி மஞ்சரியிடம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "பதினாலு வருசமா இவருகூட சந்தைக்குப் போயிட்டு வந்தா எனக்கு மூச்சு வாங்குமுங்க. ஏதோ நோவுன்னு நெனச்சிட்டிருந்தேன். இப்ப வாங்கறதே இல்லைங்க."